மெய்யெழுத்து

புளியந்தீவுக் கோட்டையில் எனக்குத் தந்தது
முன்பு காணிப் பத்திரங்கள் கிடந்த அறை.
இப்போது அதற்குள் எகிப்து.
முதிரைப் பலகைப் பெட்டி டச்பார் ஒக்கஸ் அடித்தது.
உள்ளே கிடப்பவர்
பஞ்சும் கம்பியும்,
ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் கடன் வாங்கிய
எண்பது ரோல் பண்டேஜும்.
ரசீது இன்னும் என் பெயரில்.

கொழும்பில் மூன்று நாள் பயிற்சி.
மம்மி என்று சொல்லாதீர்கள் என்றார்கள்.
பொருளல்ல, ஆள்.
'பதப்படுத்தப்பட்ட மனிதர்' என்க.
'அவர்' என்க.
பஞ்சுக்குமா என்று கேட்க வாயெடுத்தேன்,
அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை இரண்டு பள்ளிக்கூடம்,
நாவலடியும் காத்தான்குடியும்.
ஆறாம் தரம், நாற்பத்திரண்டு பேர்,
ஒரு மின்விசிறி.

"அவருடைய குடலை எடுத்தார்கள்,
பிறகு நாற்பது நாள் உப்பில்..."
"வெயில்ல வைக்கல்லையா மிஸ்?"
நாவலடி நிரோஜன்.
"சதைப் பக்கம் மேல வரோணும்.
மாரியெண்டா புழு வைக்கும்.
எந்த மாசம் செத்தவர்?"
என் குறிப்பேட்டில் மாதம் இல்லை.

"இது பிர்அவ்னா?" என்றாள் ஷிஃப்கா.
இல்லை, கணக்கெழுதின ஒருவர்.
"அப்ப நல்லவரா?"
இதயத்தை ஓர் இறகுக்கு எதிரே நிறுத்தார்கள் என்றேன்.
"தராசு ஆரிட?" என்றான் நிரோஜன்.
"யாவாரிட தராசெண்டா
இறகும் அரைக்கிலோ காட்டும்."

"அவர்ர பேர்?"
தெரியாது.
மூலப் பெட்டியில் பெயர் இருந்த பக்கம்
பெயர்ந்து விழுந்துவிட்டதாம்.
அட்டையில் ஓர் எண் மட்டும்.
அதற்குக் கீழே அச்சிட்டிருந்ததை வாசித்தேன்:
யாராவது பெயரைச் சொல்லும்வரை
ஆள் இருக்கிறார் என்று நம்பினார்கள்.

இனி எழுத்து.
ம ஆந்தை. ந தண்ணீர்.
ழ கிடையாது, அழாதே எழில்விழி,
படுத்திருக்கும் சிங்கம் ஒன்று தருகிறேன்.
ஒன்றை மறக்காதீர்கள் பிள்ளைகள்,
மெய்யை மட்டும்தான் எழுதுவார்கள்.
உயிரை எழுதுவதில்லை.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
வெண்கட்டியோடு நின்றேன்.

"அப்ப எப்பிடி வாசிக்கிற?"
ஷிஃப்கா நிமிரவேயில்லை.
"தெரிஞ்ச ஆள் வாசிக்கும்.
எங்களுக்கு ஓதப் பழக்கேக்க
மேல கீழ கோடு போட்டிருக்கும்.
அரபிப் பேப்பர்ல கோடில்ல.
வாய் போட்டுக்கும்."

ஆளுக்கொரு தாள், அவரவர் பெயர்.
பின்வரிசைத் தனுசியா
இரண்டாம் தாள் கேட்டாள்.
எண்ணித்தான் தந்திருந்தார்கள்.
என்னுடையதைக் கொடுத்தேன்.

ஒரு பாண்.
ஒரு காடைக்குஞ்சு.
ஒரு வாய்.
மடித்த துணி.
சுற்றிவர ஒரு கயிறு, முடிச்சோடு.

எட்டிப் பார்த்து நிரோஜன் உயிர் போட்டான்:
"தேவரசி!"
"திவரசு!" "தூவாரிசு!" என்று மற்றவர்கள்.
"இல்ல." பென்சிலால் மேசையைக் குத்தினாள்.
"தவராசா. எங்கட அம்மாட அண்ணன்."
"எங்க இருக்கார்?"
"தெரியா. தொண்ணூறில போனவர்."

தொண்ணூறு என்றதும்
இரண்டு பள்ளிக்கூட ஆசிரியர்களும்
ஒரே சன்னலால் வாவியைப் பார்த்தார்கள்.

ஷிஃப்கா எழும்பி வந்தாள்.
படங்களின்மேல் விரல் வைத்துக் கூட்டினாள்:
த, வ, ர, ச.
"ரா. நீட்டோணும்," என்றாள் தனுசியா.
நீட்டினாள்.
அடுத்த மேசையும் சொல்லிப் பார்த்தது.
அதற்கடுத்ததும், சும்மா, விளையாட்டுக்கு.

பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.
தாள் நாலாய் மடிந்து
கொம்பாஸ் பெட்டிக்குள் போனது.
யாரோ பண்டேஜில் ஒரு முனையை
இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
அவரைத் திரும்பச் சுற்றினேன்.

மாலையில் படிவம்.
கற்றல் பேறு அடையப்பட்டதா?
ஆம் அல்லது இல்லை என எழுதுக.
அவசரத்தில், இப்போதுதான் பார்க்கிறேன்,
'ம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.